ஆறாம் பெட்டின் லாக்டேட்

ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. உள்ளே படுத்திருப்பவர் எந்தப் பெட்டோ, வெளியே இருப்பவரும் அந்தப் பெட்தான். கதவைப் பாதி திறந்துகொண்டு "மூணாம் பெட் அட்டெண்டர் யாரு?" என்று நர்ஸ் கூப்பிடுவார். உடனே நாலு பேர் எழுந்து ஓடுவார்கள். "ஆறாம் பெட்" என்றால் நான் ஒருத்திதான் எழுந்திருப்பேன். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவோடு வருகிறவர்களிடம் வள்ளென்று விழுந்து விழுந்தே அந்தத் தெருவில் பேர் எடுத்தவள். கடைசி நிமிஷத்தில் வந்து ஆதார் காப்பி கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவள் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி நடையில், யாரையும் தெரியாமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே இருந்தது என் வீட்டுக்காரர். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் பக்கத்து மனுஷர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் பக்கத்தில் குறிஞ்சிப்பாடியில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அண்ணன், அண்ணி, அவர்கள் மகன். அவ்வளவுதான் எங்கள் சொந்தம்.

நாங்கள் சிதம்பரத்துக்கு வந்ததே விருந்து சாப்பிடத்தான். அவருடன் வேலை செய்கிறவர் அங்கே வீடு கட்டியிருந்தார், கிரகப்பிரவேசம். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வருவதற்குள் இவருக்கு நடுக்கம் எடுத்தது. நல்ல வெயில், தலைக்கு மேல் ஃபேன்கூட இல்லை, மனுஷன் பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிறார். இலையில் இருந்த அப்பளம் அவர் கையோடு சேர்ந்து ஆடிற்று. என்னங்க, என்னங்க என்று நான் உலுக்க, அவர் என்னைப் பார்த்து, "பஸ்ஸு வந்துடுச்சா?" என்று கேட்டார். 

கூட வேலை செய்கிறவர்கள்தான் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சேர்த்துவிட்டு, ஷிஃப்ட் இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாய்லர் யாருக்காகவும் நிற்காது.

அங்கே பார்த்த டாக்டர் பெண்ணுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். எத்தனை நாளாகக் காய்ச்சல், ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் இருந்ததா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? இந்த மனுஷன் எதையும் வாயைத் திறந்து சொல்கிற ஜாதி இல்லை. பிறகுதான் தெரிந்தது, வெகு நாளாகவே எரிச்சல் இருந்திருக்கிறது. ஒன்றுக்குப் போனால் வலிக்கிறது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார். பாய்லர் முன்னால் நின்றுகொண்டு தண்ணீரைக் குறைத்த புத்திசாலி! காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் அட்டையைக்கூட வெளியே எறிந்துவிட்டு வந்திருக்கிறார். அந்த நிமிஷம் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

ரத்தம் எடுத்தார்கள். இவ்வளவு ரத்தத்தை ஒரே ஆளிடமிருந்து எடுப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக இரண்டு பாட்டிலில் எடுத்தார்கள். அது கல்ச்சர், கிருமியை வளர்த்துப் பார்க்க. அதை எடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக் ஊசியே போட்டார்கள். கல்ச்சர் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகுமாம். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் மற்ற டெஸ்டுகள். வெள்ளை அணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு, கிட்னிக்கு கிரியேட்டினின், கிருமியின் தாக்கம் எவ்வளவு என்று காட்ட புரோகால்சிடோனின். வெள்ளை அணு முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. தட்டணு பாதிக்குமேல் குறைந்திருந்தது. புரோகால்சிடோனின் அரைக்குள் இருக்க வேண்டியது அறுபதுக்குமேல் இருந்தது. கடைசியாக லாக்டேட். அது இரண்டுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு ஆறு புள்ளி இரண்டு.

செப்சிஸ் என்றாள். யூரினில் ஆரம்பித்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, அதோடு சண்டை போடுகிற வேகத்தில் உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறது, அதனால்தான் பிரஷர் இறங்கிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று பொறுமையாகச் சொன்னாள். ரத்த ஓட்டம் குறைந்து உடம்பு முழுக்கத் திணறினால் லாக்டேட் ஏறுமாம். பிழைப்பாரா என்று நேராகவே கேட்டேன்.

"ஒரு நம்பர வச்சு சொல்ல முடியாதும்மா. மருந்து குடுத்த பிறகு அது இறங்குதான்னு பாக்கணும். இறங்குனா நம்பிக்கை இருக்கு. ஏறிட்டே போனா, சொந்தக்காரங்கள வரச் சொல்லிடுங்க."

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

லாக்டேட் பார்க்கிற மெஷின் அந்த ஐசியூவில் கிடையாது. லேப், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில். ரத்தத்தைச் சிரிஞ்சிலேயே எடுத்து, மூடி போட்டு, ஐஸ் போட்ட சின்ன கவரில் வைத்து அட்டெண்டர் கையில் கொடுப்பார்கள். அட்டெண்டர் என்றால் ஆஸ்பத்திரி ஆள் இல்லை, நாம்தான். கொண்டுபோய்க் கொடுத்து, சீட்டு வாங்கி வர வேண்டியதும் நாம்தான். மற்ற பெட்டுக்காரர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒருத்தர் லேபுக்கு, ஒருத்தர் மருந்துக்கு, ஒருத்தர் சாப்பாட்டுக்கு, ஒருத்தர் கதவுக்கு. நான் லேபுக்குப் போனால் கதவில் ஆள் இல்லை. கதவில் இருந்தால் மருந்து வாங்க ஆள் இல்லை. ஒரு முறை மருந்து வாங்கி வருவதற்குள் கூப்பிட்டுவிட்டார்களாம். "ஆறாம் பெட்டுக்கு யாருமே இல்லியா?" என்று நர்ஸ் கேட்டதைப் பக்கத்து நாற்காலி அம்மா என்னிடம் சொன்னாள். சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. யாருமே இல்லியா? இருக்கேனே, ஒரு ஆள் இருக்கேனே.

பாத்ரூம் போகக்கூட பயமாக இருந்தது. பையை யாரிடம் விட்டுப் போவது என்பதல்ல, அந்த ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிடுவார்களோ என்று. மத்தியானமானால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டிபன் கேரியரைப் பிரிப்பார்கள். சாம்பார் வாசம் நடை முழுக்கப் பரவும். வாம்மா, சாப்பிடு என்று கூப்பிடவும் செய்வார்கள். பசியில்லை என்பேன். பசி கொன்றது. ஆனால் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தால், எனக்கென்று யாரும் கேரியர் கொண்டுவரவில்லை என்பது இன்னும் பளிச்சென்று தெரியும். அந்த வீம்பு எனக்கு எப்போதும் உண்டு.

மறுநாள் மத்தியானம் லாக்டேட் மறுபடியும் எடுத்தார்கள். ஐஸ் கவரைக் கையில் கொடுத்து, சீக்கிரம் கொடுத்துவிடுங்கள் என்றாள் நர்ஸ். நான் வாங்கிக்கொண்டு படியிறங்குகிறேன், எதிரே என் மூத்தார் வருகிறார். என் வீட்டுக்காரரின் அண்ணன், முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். பின்னால் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கூடவே அவர்கள் மகன்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. என் மாமனார் இளவயதிலேயே போய்விட, தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கடலை பயிர் போட்டு, அந்தக் காசில் ஐடிஐ படிக்க வைத்தவர். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. அவர் பேசும்போது குறுக்கே பேசியதில்லை, பாதியில் நகர்ந்ததில்லை. எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். பெரியவர் பேசி முடித்து, சரிம்மா போ என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்போம். ஊர் முழுக்க எகிறுகிறவள் அவர் முன்னால் மட்டும் பெட்டிப் பாம்புதான்.

அவர் அழுதார். படிக்கட்டுக்குக் கீழே நின்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு பேச ஆரம்பித்தார். அப்பா வீட்டில்தான் போனார், அம்மா வீட்டில்தான் போனாள், நம் குடும்பத்தில் ஒருத்தரும் வெளியே போனதில்லை. வெளியே போன உயிரை நடுவீட்டில் கிடத்த முடியாது, தெருவோடு தெருவாகத் தூக்க வேண்டும். என் தம்பிக்கு அந்த கதி வரக் கூடாது. மூச்சு இருக்கும்போதே குறிஞ்சிப்பாடிக்குக் கொண்டுபோய்விடலாம். இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நடுநடுவே தம்பி சின்ன வயசில் ஏரியில் விழுந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று புளியந்தோப்பில் ஒளிந்தது, எல்லாம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஐஸ் கரைந்து விரல் இடுக்கில் சொட்டிற்று. கவர் நழுவிவிடக் கூடாதே என்று உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் முடித்து, சரிம்மா போ என்று சொன்னபோது முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும். கவரில் ஐஸ் இல்லை. வெதுவெதுப்பாகத் தண்ணீர்தான் இருந்தது.

லேபிலிருந்து சீட்டு வந்தது. ஏழு புள்ளி ஒன்று.

ஏறியிருக்கிறது.  மூத்தார் மகன் சீட்டை என் கையிலிருந்து வாங்கி செல்லில் படம் எடுத்து, வடலூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற அவன் மச்சானுக்கு அனுப்பினான். உடனே பதில் வந்துவிட்டது. ஏழுக்கு மேலே போனால் கஷ்டம், ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று. பையன் அதைச் சத்தமாகப் படித்தான். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆம்புலன்ஸோடு வருகிறேன், தயாராக இரு என்றார் மூத்தார். சரி மாமா என்றேன்.

ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். அவர்கள் போன பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. என் வீட்டுக்காரருடைய சட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் என் மடியில் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்காக நான் அயர்ன் பண்ணிக் கொடுத்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போல் இருந்தது, நான் செய்வது சரியா என்று. செல்லில் நம்பர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் ஏஜென்சி, பேப்பர் சப்ளை, டோனர் ஆள், கரண்டு பில் கட்டுகிற இடம். ஐம்பத்தோரு வயசுக்கு நான் சேர்த்து வைத்திருந்த மனுஷர்கள் அவ்வளவுதான்.

டாக்டரிடம் போய், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்றேன். அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். யூரின் வர ஆரம்பித்திருக்கிறது, பிரஷரை ஏற்றுகிற மருந்தைக் காலையிலேயே குறைத்திருக்கிறோம், கையும் காலும் சூடாகியிருக்கிறது, இந்த நம்பர் மட்டும் எதனோடும் சேரவில்லையே என்றாள். பிறகு கேட்டாள்.

"சாம்பிள் எடுத்ததுமே லேப்ல குடுத்தீங்களாம்மா?"

இல்லை என்றேன். பெரியவர் பேசிக்கொண்டிருந்தார், நடுவில் எப்படிப் போவது, நின்றேன் என்றேன். சொல்லும்போதுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று எனக்கே காதில் விழுந்தது. அவள் திட்டவில்லை. உடம்பைவிட்டு வெளியே வந்தாலும் ரத்தத்தில் இருக்கிற அணுக்கள் சும்மா இருப்பதில்லை, சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை விட்டுக்கொண்டே இருக்கும், இவருக்கு வெள்ளை அணு வேறு ஜாஸ்தி, ஐஸ் இல்லாமல் கைச்சூட்டில் வைத்திருந்தால் ஏறத்தான் செய்யும் என்றாள். ஏறியது அவருக்குள்ளா, என் கைக்குள்ளா என்று இந்தச் சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றாள்.

எடுத்தாள். புது ஐஸ் வைத்துக் கொடுத்தாள். பக்கத்து அம்மாவிடம், என்னைக் கூப்பிட்டால் இப்போது வந்துவிடுவாள் என்று சொல்லுங்கள் என்றேன். வந்ததிலிருந்து நான் அவளிடம் கேட்ட முதல் உதவி அதுதான். அதுக்கென்ன, ஓடு என்றாள்.

படிக்கட்டுக்குக் கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மூத்தார் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "நில்லும்மா. ஒரு வார்த்த."

நான் நிற்கவில்லை. வந்து பேசுகிறேன் மாமா என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அது வாயிலிருந்து வெளியே வந்ததா, மனசுக்குள்ளேயே நின்றுவிட்டதா என்று இன்றைக்கும் தெரியாது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் அவர் குரல் உயர்ந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினேன். சிமெண்ட் தரை சுட்டது. ஐம்பத்தோரு வயசுப் பொம்பளை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை வாட்ச்மேனிலிருந்து டீ விற்கிறவர்வரை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன என்று இருந்தது.

லேப் ஜன்னலில் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டு, அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷினுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். உள்ளே இருந்தவர் சீட்டைக் கிழித்து என் பக்கம் தள்ளினார். ஐந்து புள்ளி இரண்டு.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்தது.

திரும்பி வந்து மூத்தார் முன்னால் நின்றேன். முகத்தை நிமிர்த்தித்தான் நின்றேன். "மாமா, கொறைஞ்சிருக்கு. நான் அனுப்ப மாட்டேன்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப ஏறிச்சின்னாங்க, இப்ப எறங்கிச்சின்றாங்க. இந்தச் சீட்ட நம்புவியா, நான் சொல்றத நம்புவியா?"

"இன்னிக்கு சீட்டத்தான் மாமா நம்பறேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, இனிமேல் என் தம்பி செத்தாலும் பிழைத்தாலும் உன் பொறுப்பு, எங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அக்கா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆம்புலன்ஸ் கட்டில் காலியாகவே போயிற்று.

வீரமாகப் பேசிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு இருந்த நாட்களில் போல் நான் எப்போதும் பயந்ததில்லை. முன்பு என் வீட்டுக்காரர் போயிருந்தால் விதி என்றிருப்பார்கள். இப்போது போனால் நான் கொன்றேன் என்பார்கள். அந்த நடையில் எத்தனை பேர் இருந்தாலும் இந்தப் பயத்தில் எனக்குப் பங்காளி யாரும் இல்லை. மூன்றாம் பெட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கும் லாக்டேட் எட்டிலிருந்து நாலுக்கு இறங்கியது. அவர் மகன்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், எனக்கும்தான். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். இறங்கியதே, பிறகு எப்படி என்று டாக்டரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். இறங்கினால் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்மா, உறுதி இல்லை என்றாள். அவளுக்கும் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. நாலு ஆயிற்று. மூன்றுக்குக் கீழே வந்தது. கல்ச்சரில் கிருமி வளர்ந்தது, இ-கோலை என்றார்கள், போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கே அது சாகிற ரகம்தான் என்றார்கள். புரோகால்சிடோனின் பாதியாகி, அந்தப் பாதியும் பாதியாயிற்று. தட்டணு மெல்ல ஏறியது. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்திருப்பேன். எழுந்து நின்ற பிறகுதான் யாரிடம் என்று உறைக்கும். மறுபடி உட்கார்ந்துகொள்வேன். நல்ல சேதியைத் தனியாக வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூச்சுக்காகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்த அன்றைக்கு உள்ளே விட்டார்கள். தாடி முளைத்து, கன்னம் ஒட்டி, யாரோ போல் கிடந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. குரல் வரவில்லை, குனிந்து காதை வைத்தேன்.

"அண்ணன் வந்தாரா?"

வந்தார் என்றேன். எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். பொய் இல்லையே.

மஞ்சக்குப்பத்துக்குத் திரும்பியும் யாரும் வரவில்லை. நான் சாப்பாடு ஊட்டினேன், நடக்கப் பழக்கினேன், கடையைத் திறந்து மூடி ஓடி வந்தேன். அவருக்கு அந்த நாட்களில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பந்தியில் உட்கார்ந்தது தெரியும், அதற்கடுத்து கண் விழித்தது தெரியும். நடுவில் நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தால், லாக்டேட் என்று வாயைத் திறந்தாலே, அதான் சரியாகிவிட்டதே, விடு என்பார். அவருக்கு அது தூக்கம். எனக்கு மட்டும்தான் அது நடந்திருக்கிறது.

உடம்பு தேறியதும் தானே அண்ணனுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகைக் காட்டிவிட்டுப் போனாயாமே என்றார். ஆமாம் என்றேன். ஆயிரம் இருந்தாலும் அப்படிப் பண்ணலாமா என்றார். எதற்குப் போனேன் என்று கேட்க மாட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று தினமும் ஆரம்பித்தார். கடைசியில், இவர் உயிரை வாங்குவதற்கு அதைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு நானே கிளம்பினேன்.

குறிஞ்சிப்பாடியில் மூத்தார் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்கா எனக்கு டீ கொடுத்தாள், கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். கடலை பிடுங்கி முடிந்திருந்தது. கொல்லைப்புறத்தில் மூட்டைகளை அடுக்கி, மழைக்குப் பிளக்ஸ் போட்டு மூடியிருந்தார்கள். பிளக்ஸை எல்லா வீட்டிலும் அப்படித்தான் போடுவார்கள், படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். இந்த வருஷம் பருப்பு எப்படி என்று பார்க்க இவர் ஒரு முனையைத் தூக்கினார்.

அப்படியே நின்றார். பிறகு முழுசாக இழுத்துப் போட்டார். கண்ணீர் அஞ்சலி. ஆளுயரத்துக்கு இவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். மூத்தார் மகன் கல்யாணத்தில் நானும் அவருமாக நின்று எடுத்த படம். என்னை வெட்டி எடுத்துவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தார்கள். சரியாக வெட்டவில்லை, அவர் தோள் ஓரத்தில் என் பட்டுப்புடவைத் தலைப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தோற்றம் என்று போட்டுப் பிறந்த தேதி. மறைவு என்று போட்டு, எதிரே இடம் விட்டிருந்தார்கள்.

மூத்தார் மகன் ஓடி வந்தான். சித்தப்பா, அது அந்த ஏழு புள்ளி ஒண்ணு சீட்டு வந்தன்னிக்கி, கடைக்காரன் அப்புறம்னா லேட்டாகும்னு சொன்னான், அதான் என்று தலையைச் சொறிந்தான்.  அப்புறம் இவர் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். இந்தச் சட்டை எனக்கு எடுப்பாக இருக்குடா என்றார். மூத்தாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பையன் பிளக்ஸ் பக்கத்தில் சித்தப்பாவை நிற்க வைத்துப் படம் எடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரித்து முடித்ததும், அண்ணனிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு என்றார் இவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூத்தாரைப் பார்த்துச் சொன்னேன். "மாமா, அன்னிக்கு நான் நின்னு நீங்க சொல்றத கேட்டுருந்தா, இது தெருமுனையில நின்னுருக்கும். மன்னிப்பு கேக்க எனக்கு வாய் வரல."

 மூத்தார் பிளக்ஸை எடுத்து, வெள்ளைப் பக்கம் தெரிகிற மாதிரி மூட்டைகள்மேல் திரும்பப் போட்டார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

கடலூர் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காருகிற சீட்டு கிடைத்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குள் ஒரு ஆசை. இப்போதாவது கேட்பார், அன்றைக்கு என்னதான் நடந்தது என்று, ஆரம்பத்திலிருந்து சொல்லு என்று. சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது எனக்குள். சிப்காட் கெமிக்கல் வாடை அடிக்க ஆரம்பித்தபோது தொண்டையைச் செருமினார்.

"என்னா இருந்தாலும் அவரு பெரியவரு. நீ நின்னுருக்கணும்."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் சதை பிடித்திருந்தது, காலையில் நானே பார்த்துப் பார்த்துச் சவரம் பண்ணிவிட்ட முகம். கோபமாகப் பேசியதில் மூச்சு கொஞ்சம் வாங்கியது. என்னைக் குறை சொல்லும் அளவுக்கு அவருக்கு உயிர் இருக்கிறது. அது இருக்க வேண்டும் என்றுதான் அன்று ஓடினேன்.